காத்திருக்கும் பாடம்

நுழையும்முன்

வகுப்பறையில் பாடம் ஒரே வேகத்தில் நகர்கின்றது. குழந்தைகள் ஒரே வேகத்தில் கற்பதில்லை. இவ்விடைவெளியைக் குறைப்பதற்குக் கல்வியாளர்கள் கண்ட வழிகளுள் ஒன்று, கற்பதற்கு வேண்டிய அனைத்தையும் தன்னகத்தே கொண்ட கற்றல் கட்டகம் ஆகும். தொடக்கநிலை வகுப்புகளில் அறிவியல் கற்பிக்க அது பயன்படும் முறையையும், அது வளர்ந்த வரலாற்றையும், அதன் வரம்புகளையும் இப்பாடம் விளக்குகின்றது.

பத்து நாள் இடைவெளி

நான்காம் வகுப்பு மாணவி ஒருத்திக்குச் சின்னம்மை கண்டது என்று கொள்வோம். பத்து நாள் அவளால் பள்ளிக்கு வர இயலவில்லை. அவள் விடுப்பில் சென்றபோது ஆசிரியர், நீரில் மூழ்கும் பொருள்களையும் மிதக்கும் பொருள்களையும் பற்றிய பாடத்தைத் தொடங்கியிருந்தார். அவள் திரும்பி வந்தபோது வகுப்பு காந்தத்தைப் பற்றிய பாடத்திற்குச் சென்றுவிட்டது. தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து விடுபட்டவற்றை அவள் எழுதிக்கொள்கிறாள். தேர்வில் அவ்வினாவுக்கு விடையும் எழுதிவிடுகிறாள். ஆயினும், நீர் நிறைந்த தொட்டியில் ஒரு பொருளையேனும் அவள் இட்டுப் பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அந்தப் பாடம் நடக்கவே இல்லை.

நோய் மட்டுமே இதற்குக் காரணமன்று. அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வேற்றூர் செல்லும் குழந்தை, செங்கற்சூளை வேலைக்கு இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் சிறுமி ஆகியோருக்கும் இதே நிலைதான். நாள்தோறும் தவறாமல் பள்ளிக்கு வந்தும், ஒருமுறை கேட்ட அளவில் புரிந்துகொள்ள இயலாத குழந்தைகளும் உண்டு. முதல் நாளிலேயே புரிந்துகொண்டுவிட்டு, மீதி நாள்களில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளும் உண்டு. பாடம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் செல்வதால் விளையும் இழப்பு இது.

அறிவியல் பாடத்தில் மற்றோர் இழப்பும் நேர்கின்றது. ஆசிரியர் மேசையில் ஒரு சோதனையைச் செய்து காட்டும்போது, முன்வரிசையில் இருப்போர் மட்டுமே அதைத் தெளிவாகக் காண்கின்றனர். பின்வரிசையினருக்கு அது செவிவழிச் செய்தியாகவே போய்ச் சேர்கின்றது. கையால் தொட்டு, கண்ணால் கண்டு, ஐயுற்று, மீண்டும் செய்து பார்த்து அறிய வேண்டிய துறை, கேட்டு எழுதும் துறையாக மாறிவிடுகின்றது.

குழந்தை வரும்வரை பாடம் காத்திருக்க முடியுமா? ஒவ்வொரு குழந்தையின் கையிலும் பொருள் கிடைக்குமாறு செய்ய முடியுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிய முயற்சியே கற்றல் கட்டகம்.

கட்டகம் என்பது யாது?

பாடநூலின் ஓர் இயலைத் தனியே கிழித்து எடுத்தால் அது கட்டகம் ஆகிவிடாது. ஒரு கருத்தைக் கற்பதற்கான நோக்கம், செயல்கள், பொருள்கள், வழிகாட்டும் அட்டைகள், பதிவுத்தாள், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வாய்ப்பு ஆகியவை அனைத்தும் ஒரே பையிலோ பெட்டியிலோ அமைந்திருப்பதே தன்னிறைவான கற்றல் கட்டகம் எனப்படும். அதைத் திறக்கும் குழந்தை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அறிவதற்காக ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் குரலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏதேனும் ஒரு பொருளுக்காக அடுத்த அறைக்கு ஓட வேண்டியதும் இல்லை.

கட்டகம் அளவில் சிறியதாக இருக்க வேண்டும். ஒன்றைக் கற்று முடிக்க மூன்று அல்லது நான்கு பாடவேளைகளே போதுமானவை. ஒரு கருத்தில் தொடங்கி அதே கருத்தில் முடிய வேண்டும். இடையில் விட்டுச் சென்ற குழந்தை, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடர இயல வேண்டும். கற்றதை உறுதிசெய்த பின்னரே அடுத்த கட்டகத்திற்குச் செல்ல வேண்டும். இவ்வியல்புகள் இல்லையேல், எத்துணை அழகிய பெட்டியில் வைத்தாலும் அது பொருள்களின் தொகுப்பாக இருக்குமேயன்றிக் கட்டகமாக ஆகாது.

ஒரு கட்டகத்தின் உள்ளே

‘மூழ்குமா? மிதக்குமா?’ என்னும் கட்டகத்தை நான்காம் வகுப்புக்கு உருவாக்குவதாகக் கொள்வோம். துணிப்பை ஒன்றினுள் அகன்ற நெகிழித் தொட்டி, இரும்பு ஆணி, பெரிய மெழுகுவர்த்தி, சிறிய மெழுகுத் துண்டு, மரக்கட்டை, கூழாங்கல், கொட்டாங்கச்சி, எவர்சில்வர் கிண்ணம், நீரில் கரையாத விளையாட்டுக் களிமண், நூறு புளியங்கொட்டைகள், துடைப்பதற்கு ஒரு துணி ஆகியவை இருக்கின்றன. அவற்றுடன் எண்ணிடப்பட்ட ஆறு அட்டைகளும் பதிவுத்தாள்களும் உள்ளன. நான்கு குழந்தைகள் ஒரு பையைச் சுற்றி அமர்கின்றனர்.

முதல் அட்டை, பொருள்களை நீரில் இடுவதற்குமுன் எது மூழ்கும், எது மிதக்கும் என்று ஊகித்து எழுதச் சொல்கின்றது. ஊகத்தை எழுதிய பிறகே சோதிக்க வேண்டும். கனமான பொருள் மூழ்கும், இலேசான பொருள் மிதக்கும் என்றே குழந்தைகள் பலரும் எண்ணுவர். இரண்டாம் அட்டை அவ்வெண்ணத்தை அசைக்கின்றது. ஆணியைக் காட்டிலும் கனமான மெழுகுவர்த்தி மிதக்கின்றது; சிறிய ஆணியோ அடியில் கிடக்கின்றது. மெழுகுவர்த்தியிலிருந்து வெட்டிய சிறு துண்டும் மிதக்கின்றது. அவ்வாறாயின் கனம் மட்டுமே காரணமாக இருக்க முடியுமா என்று அட்டை கேட்கின்றது. விடை அதில் அச்சிடப்படவில்லை.

மூன்றாம் அட்டையில் களிமண் உருண்டை வருகின்றது. உருண்டை மூழ்குகின்றது. அதே களிமண்ணில் ஒரு சிட்டிகையும் கூட்டாமல் குறைக்காமல் அதை மிதக்கவைக்க இயலுமா என்பதே வினா. சிலர் அதைத் தட்டையாக்கி நீரில் இடுவர், அதுவும் மூழ்கும். சிலர் துண்டு துண்டாகப் பிய்த்துப் போடுவர், அவையும் மூழ்கும். ஓரத்தைச் சற்றே உயர்த்திக் கிண்ணம்போல் அமைக்கும் குழந்தைதான் அது மிதப்பதைக் காண்கின்றது. நான்காம் அட்டை, அவ்வாறு செய்த படகில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எத்தனை ஏறியபின் படகு மூழ்குகின்றது என்று எண்ணி எழுதச் சொல்கின்றது. படகின் வடிவத்தை மாற்றி மீண்டும் எண்ண வேண்டும். இங்கே குழந்தை தான் அறியாமலேயே அளத்தல், ஒப்பிடுதல், ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாதிருத்தல் என்னும் அறிவியல் முறைகளைப் பழகுகின்றது.

ஐந்தாம் அட்டை, பையை மூடிவிட்டு ஆசிரியருடனும் பிற குழுவினருடனும் கூடிப் பேசுவதற்கானது. ஆறாம் அட்டை தற்சோதனை. எவர்சில்வர் கிண்ணம் இரும்பு கலந்த உலோகத்தால் ஆனது. அதை நீரின்மேல் நேராக வைத்தால் என்ன ஆகும், நீர் நிரப்பி விட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துப் பின்னர்ச் சோதிக்க வேண்டும். தவறாக எழுதிய குழந்தைக்கு வெட்கமில்லை. கிண்ணமே அதன் பிழையைத் திருத்திவிடுகின்றது. கருத்து இன்னும் தெளியாதவர்க்குக் குறைதீர் அட்டை ஒன்றும், முன்னரே முடித்தவர்க்கு உப்புநீரில் முட்டையை மிதக்கவிடும் வளர் அட்டை ஒன்றும் தனியே உள்ளன.

சின்னம்மை நீங்கி வந்த மாணவி இப்பையைத் திறக்கிறாள். அவள் இரண்டாம் அட்டையில் விட்டுச்சென்றிருந்தால், மூன்றாம் அட்டையில் தொடங்கலாம். பத்து நாளும் அந்தப் பாடம் அவளுக்காக அலமாரியில் காத்திருந்தது.

சொல்லுக்கு முன் செயல்

மேற்கண்ட கட்டகத்தில் ‘மிதப்பு விசை’ என்னும் சொல் முதல் நான்கு அட்டைகளிலும் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. ஆர்க்கிமிடீசு கண்ட விதியின்படி, நீரில் இட்ட பொருள் தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றது. களிமண் உருண்டை முழுவதும் அமிழ்ந்தாலும் தன் எடையைவிடக் குறைந்த எடையுள்ள நீரையே விலக்குகின்றது, எனவே மூழ்குகின்றது. படகாக விரிந்தபோது அதே களிமண், தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் அளவுக்கு அமிழ்ந்து, அந்நிலையில் மிதக்கின்றது. பதினோராம் வகுப்பு மாணவர்க்கு இவ்விளக்கம் எளிது. நான்காம் வகுப்புக் குழந்தைக்கு முதலில் இவ்விளக்கத்தைத் தந்தால், அது மனப்பாடம் செய்ய வேண்டிய மற்றொரு வரியாகிவிடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் இராபர்ட் கார்ப்ளசு, 1960களில் தொடக்கநிலை அறிவியல் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கியபோது இவ்வுண்மைக்கு ஒரு வடிவம் தந்தார். குழந்தை முதலில் பொருள்களைத் தானே கையாண்டு ஆராய வேண்டும். அதன் பின்னரே ஆசிரியர் அவ்வனுபவத்திற்கு உரிய கருத்தையும் சொல்லையும் அறிமுகப்படுத்த வேண்டும். பின்னர், அக்கருத்தைக் குழந்தை புதிய சூழலில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். இம்மூன்று படிகளும் சேர்ந்தது கற்றல் சுழற்சி எனப்படும். நல்ல கட்டகங்களின் அட்டைகள் இவ்வரிசையிலேயே அமைகின்றன. படகு மிதந்ததைக் கண்ட குழந்தைக்கு ‘மிதப்பு விசை’ என்னும் சொல்லைத் தரும்போது, அச்சொல் நிற்பதற்கு ஓர் இடம் அதன் மனத்தில் ஏற்கெனவே இருக்கின்றது.

வேர்களும் கிளைகளும்

கருவியைக் குழந்தையின் கையில் கொடுத்து, பிழையைக் கருவியே காட்டுமாறு அமைக்கும் சிந்தனை பழமையானது. இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907இல் உரோம் நகரின் எளிய குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் வடிவமைத்த உருளைகளை உரிய குழிகளில் பொருத்தும்போது, ஓர் உருளை தவறினாலும் இறுதியில் ஒன்று பொருந்தாமல் எஞ்சி நிற்கும். பிழையைச் சுட்ட ஆசிரியர் அருகில் இருக்க வேண்டியதில்லை. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

அறிவியலுக்கெனத் தனிக் கட்டகங்கள் பெருகியது 1960களில் ஆகும். சோவியத் ஒன்றியம் 1957 அக்டோபர் 4 அன்று இசுபுட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியபோது, தம் நாட்டுப் பள்ளிகளின் அறிவியல் கல்வி பின்தங்கிவிட்டதோ என்னும் கவலை அமெரிக்கர்களிடையே எழுந்தது. அந்நாட்டு அரசு பாடத்திட்டச் சீரமைப்புக்குப் பெரும்பொருள் ஒதுக்கியது. அறிவியலாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒன்றுகூடி, தொடக்கப்பள்ளிக்கெனத் தனித்தனி அலகுகளை உருவாக்கினர். வளரும் விதைகள், பனிக்கட்டிகள், ஊசல்கள், களிமண் படகுகள் என அவ்வலகுகளின் பெயர்களே குழந்தைகளை அழைப்பனவாக இருந்தன.

அவற்றுள் மின்கலமும் விளக்கும் பற்றிய அலகு புகழ்பெற்றது. ஒரு மின்கலம், ஒரு சிறு விளக்கு, ஒரே ஒரு கம்பி ஆகியவை மட்டும் குழந்தையிடம் தரப்படும். விளக்கை எரியவைக்க வேண்டும். விளக்கின் அடிமுனையை மட்டும் மின்கலத்தில் வைத்துக் கம்பியால் எங்கெங்கோ தொட்டுப் பார்த்துப் பல குழந்தைகள் தோற்பர். விளக்குக்கு அடிமுனையும் அதன் உலோகப் பக்கவாட்டும் என இரண்டு தொடுமிடங்கள் உண்டு. இரண்டும் மின்கலத்தின் இரு முனைகளோடு இணைந்தால்தான் மின்னோட்டம் ஒரு சுற்றை நிறைவு செய்யும். இதைக் கண்டறிந்த நொடியில் எரியும் அந்தச் சிறு ஒளி, குழந்தை தானே பெற்ற விடையாகும்.

தெரியுமா?

இரண்டாம் உலகப் போரில் அழிந்த நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு உதவுவதற்காக, எளிய பொருள்களைக் கொண்டு சோதனைக் கருவிகள் செய்யும் முறைகளை விளக்கும் சிறுநூல் ஒன்றை யுனெசுகோ 1940களின் இறுதியில் வெளியிட்டது. அது விரிவாக்கப்பட்டு, 1956இல் அறிவியல் கற்பித்தலுக்கான மூலநூலாக வெளிவந்தது. காலிப் புட்டி, தகரக் குவளை, நூல், கம்பி போன்ற எளிய பொருள்களைக் கொண்டும் அறிவியலைக் கற்பிக்கலாம் என்னும் நம்பிக்கையை அது உலகெங்கும் பரப்பியது.

ஓசங்காபாத் கற்பித்த பாடம்

இந்தியாவில் இத்தகைய முயற்சிகளுள் முதன்மையானது மத்தியப் பிரதேசத்தில் நிகழ்ந்தது. இன்று நர்மதாபுரம் எனப்படும் ஓசங்காபாத் மாவட்டத்தில், 1972இல் 16 ஊரக நடுநிலைப் பள்ளிகளில் சோதனைவழி அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு உரியது அது. ஒவ்வொரு பள்ளிக்கும் சோதனைப் பொருள்கள் அடங்கிய பெட்டி வழங்கப்பட்டது. மாணவர் கையில் இருந்த பயிற்சி நூல், தகவல்களை அடுக்கித் தராமல், செய்ய வேண்டிய சோதனைகளையும் கேட்க வேண்டிய வினாக்களையும் தந்தது. 1978இல் இத்திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் தொடங்கப்பட்ட ஏகலைவ்யா என்னும் நிறுவனம் இதனைத் தொடர்ந்து வளர்த்தது.

பெட்டியை அனுப்பியதோடு தம் பணி முடிந்தது என்று இத்திட்டத்தார் கருதவில்லை என்பதே இதன் சிறப்பு. ஆசிரியர்கள் தாமே அச்சோதனைகளைச் செய்து பார்க்கும் பயிற்சி பெற்றனர். மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று விவாதித்தனர். தீர்ந்துபோன பொருள்களை நிரப்பும் ஏற்பாடு இருந்தது. தேர்வு முறையும் மாறியது. நூலைத் திறந்து பார்த்தே விடை எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்தைச் சோதிக்கும் தேர்வை வைத்துக்கொண்டு, செயலால் கற்கும் முறையை வளர்க்க முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1000 பள்ளிகளுக்குப் பரவிய இத்திட்டம், மாநில அரசின் முடிவால் 2002இல் நிறுத்தப்பட்டது. பெட்டியும் நூலும் மட்டும் ஒரு முறையை வாழவைப்பதில்லை. பயிற்சி, பொருள் வழங்கல், தேர்வு, நிருவாகத்தின் ஆதரவு ஆகியவை சேர்ந்தே அதை வாழவைக்கின்றன என்பது அவ்வரலாறு தரும் படிப்பினை.

ரிஷிவேலியிலிருந்து சென்னைக்கு

ஓசங்காபாத்தின் முயற்சி நடுநிலை வகுப்புகளுக்கு உரியது. அதனினும் இளைய குழந்தைகளுக்கான கட்டகமுறை ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் வளர்ந்தது. அங்குச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் அமைந்தன. பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் பயில வேண்டியிருந்தது. ஓராசிரியர் ஒரே நேரத்தில் நான்கு பாடங்களை நடத்த இயலாது. இந்நெருக்கடிக்கு விடையாகப் பத்மநாப ராவ், ரமா இணையர் உள்ளிட்ட குழுவினர் பாடத்திட்டத்தைச் சிறுசிறு மைல்கற்களாகப் பகுத்தனர். ஒவ்வொரு மைல்கல்லுக்கும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர்த்தல், வளப்படுத்தல் ஆகியவற்றுக்கு உரிய அட்டைகள் அமைந்தன. அட்டைகளின் வரிசையைக் கற்றல் ஏணி காட்டியது. எழுத்தறியாத குழந்தையும் தன் அட்டையைத் தேடி எடுக்குமாறு, அதில் பறவை, விலங்கு முதலியவற்றின் படங்கள் சின்னங்களாக இடப்பட்டன. ‘பெட்டிக்குள் பள்ளி’ என்று இம்முறை பெயர்பெற்றது.

இம்முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இதற்கு முன்முயற்சி எடுத்தார். 2007-08ஆம் கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. வரிசையாகப் பலகையில் அமர்ந்திருந்த குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் சுவரில் தாழ்வாக அமைந்தன. அவர்கள் வரைந்த ஓவியங்களும் செய்த பொருள்களும் தலைக்குமேல் கட்டிய கம்பிப் பந்தலில் தொங்கின. ஆசிரியரின் முழு உதவி வேண்டுவோர், பகுதி உதவி வேண்டுவோர், சக மாணவர் துணையுடன் கற்போர், தாமே கற்போர் எனக் குழுக்கள் அமைந்தன. விடுப்பு எடுத்துத் திரும்பிய குழந்தை, ஏணியில் தான் நின்ற படியைக் கண்டறிந்து அங்கிருந்தே ஏறத் தொடங்கியது.

ஆசிரியரின் இடம்

அட்டையும் பெட்டியுமே கற்பித்துவிடுமானால் ஆசிரியர் எதற்கு என்னும் ஐயம் எழலாம். உண்மையில், கட்டகம் ஆசிரியரின் சுமையைக் குறைப்பதில்லை. அதன் தன்மையை மாற்றுகின்றது. நாற்பது நிமிடமும் தொடர்ந்து பேச வேண்டிய கட்டாயம் நீங்குவதால், அவர் ஒரு குழுவின் அருகே அமர்ந்து பார்க்க முடிகின்றது. படகைத் தட்டையாக்கியே மீண்டும் மீண்டும் தோற்கும் குழந்தையிடம், “ஓரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தாயா?” என்று ஒரு வினாவை மட்டும் எழுப்பிவிட்டு நகர்ந்துசெல்ல முடிகின்றது. எப்போது கேட்பது, எப்போது வாளாவிருப்பது என்பதை எந்த அட்டையிலும் அச்சிட முடியாது.

வகுப்பைத் திட்டமிடுவதும் அவருக்குரிய பணியே. வகுப்பில் 32 குழந்தைகள் இருந்தால், நால்வர் கொண்ட எட்டுக் குழுக்கள் அமையும். எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் ஒரே கட்டகத்தைப் பயில வேண்டுமாயின் எட்டுப் பைகள் தேவை. நீர், காந்தம், விதை, நிழல் என நான்கு கட்டகங்களைக் குழுக்கள் சுழற்சி முறையில் பயின்றால், ஒவ்வொன்றிலும் இரண்டு பைகளே போதும். எளிய இக்கணக்கு, பொருள் குறைந்த பள்ளிக்கும் கட்டகமுறையை இயலக்கூடியதாக்குகின்றது.

கட்டகம் தோற்கும் இடங்கள்

எந்த முறைக்கும் அதற்கே உரிய இடர்கள் உண்டு. அட்டையை வாசிக்க இயலாத குழந்தையிடம் கட்டகம் ஊமையாகிவிடும். எனவே, சொற்களைக் குறைத்துப் படங்களைக் கூட்ட வேண்டும். குழுவில் வாசிக்கத் தெரிந்த ஒருவரேனும் இருக்க வேண்டும். மின்கலம் தீர்ந்து, விளக்கு உடைந்தபின் எவரும் நிரப்பாத பெட்டி, ஓராண்டிலேயே அலமாரியின் மூலைக்குச் சென்றுவிடும். உடையும், ஈரமாகும் என்று அஞ்சிப் பூட்டிவைக்கும் பெட்டிக்கும் அதே கதிதான்.

வடிவமைப்பிலும் பிழைகள் நேரும். ஆற்றோரக் களிமண்ணைப் பையில் வைத்தால், சற்று நேரத்தில் அது கரைந்து தொட்டி முழுவதும் கலங்கிவிடும். படகையும் காண முடியாது. மேசையில் அமர்ந்து எழுதுபவர்க்கு இது தோன்றாது. அச்சிடுவதற்கு முன் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஆகவே, வகுப்பறையில் சோதித்துத் திருத்தப்படாத கட்டகம் முழுமையடைந்ததாகக் கொள்ளத்தக்கதன்று.

எல்லாவற்றினும் பெரிய இடர் வேறொன்று. அட்டைகளை முடிப்பதே நோக்கமாகிவிட்டால், குழந்தை ஏணியில் விரைந்து ஏறும், கற்றல் நிகழாது. “நான் பத்தாம் அட்டைக்குப் போய்விட்டேன்” என்னும் பெருமிதம், “ஏன் மிதந்தது?” என்னும் வினாவை விழுங்கிவிடும். விடையை அட்டையின் மறுபக்கத்திலேயே அச்சிடுவதும் அத்தகையதே. மேலும், ஒவ்வொரு குழந்தையும் தன் அட்டையோடு தனித்திருந்தால், அறிவியலுக்கு உயிரான விவாதம் வகுப்பிலிருந்து மறைந்துவிடும். என் படகு நாற்பது கொட்டைகளைத் தாங்கியது, உன் படகு பதினைந்தோடு மூழ்கியது, ஏன் என்று இரு குழந்தைகள் வாதிடும் பொழுதில்தான் சான்று என்பதன் பொருள் அவர்களுக்கு விளங்குகின்றது. கூடிப் பேசும் ஐந்தாம் அட்டை அதனால்தான் இன்றியமையாதது.

நிறைவாக

கற்றல் கட்டகம் ஒரு மந்திரப் பெட்டியன்று. நீர், களிமண், புளியங்கொட்டை ஆகிய எளிய பொருள்களும், விடை தராத சில அட்டைகளும் அடங்கிய ஒரு பைதான் அது. ஆயினும் மாண்டிசோரியின் உருளை முதல் சென்னையின் கற்றல் ஏணி வரை, இம்முயற்சிகள் அனைத்தும் குழந்தையிடம் ஒரு நம்பிக்கையை வைத்தன. போதிய காலமும் கையில் பொருளும் கிடைத்தால், ஒவ்வொரு குழந்தையும் தானே கண்டறியும் என்பதே அந்நம்பிக்கை.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த மாணவி, தோழியின் குறிப்பேட்டிலிருந்து விடையை எழுதிக்கொள்ளலாம். அல்லது தொட்டியின் அருகே அமர்ந்து களிமண் ஓரத்தை மெல்ல உயர்த்திப் பார்க்கலாம். இரண்டு வழிகளிலும் தேர்வில் ஒரே மதிப்பெண் கிடைக்கக்கூடும். ஆனால், இரண்டாம் வழியில் சென்றவளிடம், அடுத்த முறை ஏரியில் ஒரு பரிசல் மிதப்பதைக் காணும்போது கேட்பதற்கு ஒரு வினா இருக்கும். தொடக்கப்பள்ளி அறிவியல் ஒரு குழந்தைக்குத் தரக்கூடிய பெரும்பேறு அவ்வினாவே ஆகும்.

கற்பவை கற்றபின்...

1. தொடக்கநிலை வகுப்பில் நீங்கள் கையால் செய்து கற்ற அறிவியல் செயல் ஒன்றையும், கேட்டு மட்டுமே கற்ற பாடம் ஒன்றையும் நினைவுகூர்ந்து, இன்று எது எவ்வளவு நினைவில் உள்ளது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.

2. ‘நிழல்’ என்னும் கருத்தை மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்க, ஐந்து அட்டைகள் கொண்ட கட்டகம் ஒன்றைக் குழுவாக உருவாக்குக. எந்த அட்டையிலும் விடை இடம்பெறாதவாறு பார்த்துக்கொள்க.

3. நீங்கள் உருவாக்கிய கட்டகத்தை அருகிலுள்ள தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் ஆசிரியர் துணையுடன் கொடுத்துப் பார்த்து, எந்த அட்டையில் அவர்கள் தடுமாறினர் என்பதைக் குறித்து, அதனைத் திருத்தி அமைக்க.

4. ‘தேர்வு முறை மாறாமல் கற்பிக்கும் முறை மாறுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.